இடம் கிடைத்த பிறகும் அந்தக் கஷ்டமான பாடம் எதற்கு?

"அதான் சீட் கெடச்சிடுச்சேப்பா, இன்னும் எதுக்கு அந்த மேத்ஸ்?" டிசம்பர் நடுவில் தொடங்கி ஏப்ரல் வரை, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் பெங்களூர் வீடுகளில் இந்தக் கேள்வி வந்துபோகிறது. சர்ஜாபூர் சாலையிலும் எலகங்காவிலும் உள்ள சர்வதேசப் பள்ளிப் பிள்ளைக்கு அமெரிக்கக் கல்லூரியின் கடிதம் டிசம்பரிலேயே வந்துவிடலாம். ஐபி தேர்வோ மே மாதம்தான். மல்லேஸ்வரத்தில் மாநில போர்டின் பியூசி படிக்கும் பிள்ளைக்கு ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பணம் கட்டி இடம் பிடித்தாயிற்று, பொதுத்தேர்வு இனிமேல்தான். சட்டப் படிப்புக்கான கிளாட் நுழைவுத் தேர்வு டிசம்பருக்கு மாறிய பிறகு, நாகர்பாவி தேசியச் சட்டப் பள்ளியில் சேரப்போகிற அறிவியல் மாணவருக்கும் இதே நிலை. சட்டம் படிக்கப் போகிறவர் இயற்பியல் செய்முறைத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருப்பார்.

இடம் உறுதியாவதற்கும் தேர்வு முடிவதற்கும் நடுவே விழும் இந்தச் சில மாதங்களில், இருப்பதிலேயே கடினமான பாடத்தை விட்டுவிடலாமா என்ற யோசனை வருவது இயல்பு. பெற்றோர் அதைச் சோம்பேறித்தனம் என்பார்கள். பிள்ளை பிரஷர் என்னும். இரண்டு சொல்லும் பேச்சை முடித்துவிடுகின்றன, முடிவுக்கு உதவுவதில்லை. அந்த ஒரு கேள்விக்குள் மூன்று இருக்கின்றன. பாடத்தை விட முடியுமா? விட்டால் இடம் போகுமா? இடம் போகாவிட்டாலும் அடுத்த வருடப் படிப்பு தாங்குமா? மூன்றையும் தனித்தனியே எடுத்துக்கொள்வோம்.

விட முடியுமா?

பதில், பிள்ளை எந்த போர்டில் படிக்கிறது என்பதைப் பொறுத்தது.

கர்நாடக பியூசியில் இரண்டு மொழிப் பாடம், நான்கு விருப்பப் பாடம். ஆறு பாடத்துக்கும் சேர்த்து 600 மதிப்பெண். பிசிஎம்பி (இயற்பியல், வேதியியல், கணக்கு, உயிரியல்), பிசிஎம்சி (உயிரியலுக்குப் பதில் கணினி அறிவியல்) என்று முதலாண்டில் எடுத்த காம்பினேஷன்தான் கடைசி வரை. மருத்துவம் மட்டுமே குறியாக இருக்கும் பிசிஎம்பி மாணவிக்குக் கணக்கால் மருத்துவ நுழைவுத் தேர்வான நீட்டில் ஒரு பயனும் இல்லை. ஆனாலும் இரண்டாமாண்டு நடுவில் கணக்கை மட்டும் கழற்றிவிட அவளுக்கு வழி கிடையாது. ஆறில் ஒன்று போனாலும் தேர்ச்சி இல்லை. 2024 முதல் ஒரே ஆண்டில் தேர்வு 1, 2, 3 என்று மூன்று வாய்ப்பு தருவதால் தவறியவருக்கு ஒரு வருடம் வீணாவதில்லை. ஆனால் கூடப் படித்தவர்கள் கல்லூரிக்குக் கிளம்பும் நேரத்தில் மறுபடி தேர்வு எழுத உட்காருவது யாருக்கும் பிடித்த காரியம் அல்ல.

சிபிஎஸ்இயில் ஐந்து பாடம் கட்டாயம், ஆறாவது கூடுதல். உயிரியலை வைத்துக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று கணக்கை ஆறாவதாகச் சேர்த்துக்கொள்வது வழக்கமான ஏற்பாடு. ஆறாவதில் தவறினாலும் ஐந்து பாடத் தேர்ச்சி கெடாது. ஆனால் தேர்வெழுதுவோர் பட்டியல் போர்டுக்குப் போன பிறகு பாடத்தை நீக்க இடமில்லை. மதிப்பெண் பட்டியலிலும் அது வந்து நிற்கும். ஐஎஸ்சியில் ஆங்கிலத்தோடு குறைந்தது மூன்று விருப்பப் பாடம், அதிகபட்சம் ஐந்து. ஐந்து எடுத்தவருக்குச் சற்று வசதி உண்டு, அதுவும் பதிவு முடியும் வரைதான்.

ஐபி டிப்ளமாவின் அமைப்பே வேறு. ஆறு பாடத்தில் மூன்று ஹெச்எல் என்னும் உயர்நிலை, மூன்று எஸ்எல் என்னும் சாதாரண நிலை. ஹெச்எல்லுக்கு 240 மணி நேர வகுப்பு, எஸ்எல்லுக்கு 150. மொத்தம் 45 புள்ளி. டிப்ளமாவுக்குக் குறைந்தது 24 வேண்டும், அதில் ஹெச்எல் மூன்றிலும் சேர்த்து 12 வர வேண்டும். ஹெச்எல் கணக்கு தாங்கவில்லை என்றால் எஸ்எல்லுக்கு இறங்கலாம். மே தேர்வுக்கான முதல் பதிவுக் கெடு நவம்பர் 15. அதற்குப் பின் மாற்றினால் கூடுதல் கட்டணம் உண்டு, பள்ளியும் சம்மதிக்க வேண்டும். கேம்பிரிட்ஜ் ஏ லெவலில் பெரும்பாலான கல்லூரிகளுக்கு மூன்று பாடம் போதும் என்பதால், நான்கு எடுத்தவர் ஒன்றை விடுவது அங்கே சாதாரண விஷயம்.

பார்க்கப் போனால், பள்ளிக் கட்டணம் ஏற ஏற பாடத்தை விடும் உரிமையும் ஏறுகிறது. வருடத்துக்குப் பல லட்சம் கட்டும் பிள்ளை கவுன்சலரிடம் பேசி, படிவத்தில் கையெழுத்துப் போட்டு இறங்கிக்கொள்கிறது. பியூசி பிள்ளைக்கு அந்தப் படிவம் இல்லை. அது வேறு விதமாக விடுகிறது: ஹால் டிக்கெட்டில் பாடம் இருக்கும், மேசையில் புத்தகம் இருக்காது. யாரிடமும் சொல்லாமல் மனசுக்குள் விட்ட பாடம் இது. இந்த ஊரில் அதிகம் நடப்பதும் இதுதான், அதிகம் சேதம் செய்வதும் இதுதான்.

விட்டால் இடம் போகுமா?

அமெரிக்கக் கல்லூரியின் கடிதத்தில் வாழ்த்து பெரிதாக இருக்கும். அதற்குக் கீழே, கடைசி வருடத்தை இதே தரத்தில் முடிக்க வேண்டும் என்ற வாசகமும் இருக்கும். விண்ணப்பத்தில் கடைசி வருடப் பாடங்களை மாணவரே பட்டியலிட்டிருப்பார். பள்ளி கவுன்சலர் அரையாண்டு அறிக்கையும், முடிவில் இறுதி அறிக்கையும் அனுப்ப வேண்டும். ஆகவே பாடத்தை விட்டது கல்லூரிக்குத் தெரியாமல் போகாது. தெரிவிப்பது யார் என்பதுதான் மிச்சம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகங்கள் கடைசி வருடப் பாடத்தில் எந்த மாற்றம் செய்தாலும் தெரிவிக்கச் சொல்கின்றன; இறுதி மதிப்பெண் பட்டியல் ஜூலை 1-க்குள் போய்ச் சேர வேண்டும்.

இது வெறும் மிரட்டல் இல்லை. 2017 கோடையில் அந்தப் பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகம், வகுப்பு தொடங்க இரண்டு மாதம் இருக்கும்போது ஏறக்குறைய 500 பேரின் இடத்தைத் திரும்பப் பெற்றது. சிலருக்குச் சான்றிதழ் நேரத்துக்கு வரவில்லை, சிலருக்குக் கடைசி வருட மதிப்பெண் சரிந்திருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டுப் பலரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. ஆனால் மதிப்பெண் தெளிவாகவே தரத்துக்குக் கீழே போனவர்களுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

பிரிட்டனில் நிபந்தனை எண்ணாகவே எழுதப்பட்டிருக்கும். ஐபியில் மொத்தம் இத்தனை, ஹெச்எல் மூன்றிலும் இத்தனை இத்தனை என்று. அதில் கணக்கு என்று பெயர் சொல்லிக் கேட்டிருந்தால், எஸ்எல்லுக்கு இறங்கிய நாளிலேயே அந்த இடம் போனதாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான். பெயர் சொல்லாத நான்காவது ஏ லெவல் பாடம் என்றால் ஒரு மின்னஞ்சலில் கேட்டுவிட்டு விடலாம். கேட்பதில் அவமானம் எதுவும் இல்லை. சேர்க்கை அலுவலகங்களுக்கு இது பழகிய கேள்வி.

இந்தியச் சேர்க்கைகளில் ஒரே மதிப்பெண்ணுக்கு ஒவ்வொரு வாசலிலும் ஒவ்வொரு விலை. நீட் எழுதுகிறவருக்கு இயற்பியல், வேதியியல், உயிரியலில் பொதுப் பிரிவுக்கு 50 சதவீதம் தகுதி. அதைத் தாண்டினால் தரவரிசையை நீட் மட்டுமே தீர்மானிக்கிறது. தனியார் பொறியியல் கல்லூரிகளுக்கான காமெட்கே தேர்விலும் பியூசி மதிப்பெண் தகுதிக்கு மட்டும்தான். கிளாட்டுக்குப் பொதுப் பிரிவில் 45 சதவீதம் போதும். ஆனால் மாநில நுழைவுத் தேர்வான கேசிஇடி வழியாகப் பொறியியலுக்குப் போகிறவருக்குத் தேர்வு மதிப்பெண் பாதி, பியூசியின் இயற்பியல், வேதியியல், கணக்கு மதிப்பெண் பாதி. அந்தப் பாதிக்காக வழக்கே நடந்திருக்கிறது. கொரோனாவால் 2021-ல் பொதுத்தேர்வு நடக்காததைக் காட்டி, 2022 தரவரிசையில் முந்தைய ஆண்டு மாணவர்களின் பியூசி மதிப்பெண்ணை ஒதுக்கினார்கள். மாணவர்கள் கர்நாடக உயர் நீதிமன்றம் போனார்கள். அதைச் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும் என்று 2022 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது.

ஜேஇஇ எழுதுகிறவருக்கு வேறொரு கண்ணி இருக்கிறது. என்ஐடி, ஐஐஐடி இடங்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் 75 சதவீதமோ, அந்த போர்டின் முதல் 20 பெர்சென்டைலில் இடமோ வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்கு 65 சதவீதம். கொரோனா ஆண்டுகளில் விலக்கி வைத்திருந்த இந்த விதி 2023-ல் திரும்ப வந்தது. இந்த 75 சதவீதத்தில் மொழிப் பாடமும் சேரும் என்பதைக் கோச்சிங் பரபரப்பில் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஓசூர் தாண்டினால் கணக்கே மாறுகிறது. தமிழ்நாட்டில் பொறியியல் நுழைவுத் தேர்வு 2007 சேர்க்கையிலிருந்தே கிடையாது. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கட் ஆஃப் போடுகிறார்கள். பெங்களூரில் இருந்துகொண்டு அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வையும் ஒரு கை பார்க்கலாம் என்று நினைக்கும் தமிழ்க் குடும்பத்துக்குக் கணக்குத் தாளில் ஒவ்வொரு மதிப்பெண்ணும் முக்கியம்.

வெளிநாட்டு இடம் உறுதி என்று நம்பிவிடவும் முடியாது. 2025 மே மாதக் கடைசியில் அமெரிக்கா மாணவர் விசாவுக்கான புதிய நேர்காணல் ஒதுக்கீட்டை நிறுத்திவைத்து, ஜூனில் கெடுபிடிகளோடு மீண்டும் தொடங்கியது. அதே மே மாதம் ஹார்வர்டில் வெளிநாட்டு மாணவர் படிக்கும் அனுமதியையே அரசு ரத்து செய்ய, நீதிமன்றம் அதைத் தடுத்தது. கடிதம் கையில் இருந்தும் ஊரிலேயே தங்க நேர்ந்தால், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொண்டுதான் உள்ளூர் கல்லூரி வாசலில் நிற்க வேண்டும்.

அடுத்த வருடம் தாங்குமா?

இடம் போகாது என்று தெரிந்த பிறகு பெரும்பாலான வீடுகளில் விவாதம் முடிந்துவிடுகிறது. உண்மையில் கனமான கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது.

ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். பியூசியில் இருப்பது என்சிஇஆர்டி கணக்குப் புத்தகம். பன்னிரண்டாம் வகுப்பின் முதல் பாகத்தில் சார்புகள், அணிகள், வகையிடல். இரண்டாம் பாகம் தொகையிடலில் தொடங்கி, வகைக்கெழுச் சமன்பாடு, வெக்டர், முப்பரிமாண வடிவியல் என்று போய் நிகழ்தகவில் முடிகிறது. பாடம் இந்த வரிசையில் நடந்தால், கணக்கில் சுணங்கத் தொடங்கும் பிள்ளைக்குக் கைவிட்டுப் போவது இரண்டாம் பாகம்தான். இப்போது விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் 2022 பாடத்திட்டத்தில், கணினி அறிவியல் பிரிவின் முதல் செமஸ்டர் கணக்கைத் திறந்தால் ஐந்து அலகு: நுண்கணிதம், தொடர் விரிவும் பல மாறி நுண்கணிதமும், முதல் வரிசை வகைக்கெழுச் சமன்பாடு, மட்டு எண்கணிதம், நேரியல் இயற்கணிதம். நடுவில் நிற்கும் வகைக்கெழுச் சமன்பாட்டுக்குத் தொகையிடல் தெரியாமல் கை வைக்க முடியாது. ஜனவரியில் மூடிவைத்த அதே அத்தியாயம், கல்லூரி சேர்ந்த சில வாரங்களில் இரட்டை வேகத்தில் திரும்ப வருகிறது. முதல் பேக்லாக் விழுவது இப்படித்தான்.

இந்திய அறிவியல் கழகத்தில் 2011-ல் தொடங்கிய இளநிலைப் பட்டப் படிப்பு இன்னும் கறாரானது. எந்தத் துறையைப் பின்னால் எடுத்தாலும், முதல் செமஸ்டர்களில் கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல் எல்லாவற்றையும் எல்லோரும் படித்தாக வேண்டும். உயிரியல் பிடிக்காமல் ஓடியவரையும் கணக்கு பிடிக்காமல் ஓடியவரையும் ஒரே வகுப்பில் உட்கார வைக்கும் ஏற்பாடு அது.

வெளிநாட்டில் இது பணக் கணக்காகவும் மாறுகிறது. ஏபி தேர்விலோ ஐபி ஹெச்எல்லிலோ நல்ல மதிப்பெண் வாங்கினால் பல அமெரிக்கக் கல்லூரிகள் அந்தப் பாடத்துக்குக் கிரெடிட் தருகின்றன. எஸ்எல்லுக்குப் பெரும்பாலும் தருவதில்லை. மே மாதத் தேர்வை விட்டவர், அதே பாடத்தை அங்கே போய் டாலரில் வாங்க வேண்டியிருக்கும். உள்ளூரிலும் இழப்பு உண்டு. அடிப்படை அறிவியல் படிப்பவருக்கு வருடம் 80,000 ரூபாய் தரும் இன்ஸ்பயர் உதவித்தொகை, போர்டின் முதல் ஒரு சதவீதத்தில் வருபவருக்குத்தான். பிஎஸ்சி சேரத்தானே போகிறோம், மார்க் எதற்கு என்று அசட்டையாக இருப்பவருக்கு அது கண்ணில் படாமலே போய்விடும்.

கடினமான பாடத்துக்கும் பட்டம் முடிப்பதற்கும் உள்ள உறவை அமெரிக்கக் கல்வித் துறைக்காக ஆராய்ந்த கிளிஃபர்ட் ஏடெல்மன் 1999-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார். பள்ளியில் ஒருவர் எவ்வளவு கனமான பாடங்கள் படித்தார் என்பது, நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணைவிடவும் வகுப்பில் பிடித்த இடத்தைவிடவும், பட்டம் முடிப்பதோடு நெருங்கிப் போகிறது. அதிலும் எந்த உயரம் வரை கணக்கு படித்தார் என்பது முக்கியம் என்று அதில் காட்டினார். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே கடினமான பாடத்தை எடுக்கிறார்கள் என்பதால், எல்லாப் புகழும் பாடத்துக்கே உரியது என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் அந்த வகுப்பில் உட்கார்ந்து பழகிய பழக்கம் கல்லூரிக்குக் கூட வருகிறது என்பதை ஆசிரியர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நிபந்தனை நீங்கினால் என்ன ஆகும்?

தன்னையறியாமலே இதைச் சோதித்துப் பார்த்த நாடு பிரிட்டன். நிபந்தனை எதுவும் இல்லாமல், தேர்வில் என்ன வாங்கினாலும் இடம் உண்டு என்று 2013-ல் பதினெட்டு வயதினருக்குத் தரப்பட்டவை ஏறக்குறைய 3,000. மாணவர்களைப் பிடிக்கக் கல்லூரிகளுக்குள் போட்டி மூண்டதில் 2018-ல் அது ஏறக்குறைய 68,000 ஆனது. அந்த வகை இடத்தை ஏற்றுக்கொண்டவர்கள், நிபந்தனையோடு இடம் பெற்றவர்களைவிட அதிக அளவில் தங்கள் எதிர்பார்ப்பு மதிப்பெண்ணைத் தவறவிட்டார்கள் என்று சேர்க்கை அமைப்பான யூகாஸின் தரவே காட்டியது. கட்டுப்பாட்டு அமைப்பு தலையிட்டு அந்தப் பழக்கத்துக்குக் கடிவாளம் போட்டது.

அமெரிக்காவில் பள்ளி இறுதியாண்டை ஆராய்ந்த தேசியக் குழு 2001-லேயே, அந்த வருடம் வீணாகிப்போகும் வாய்ப்பு என்று எழுதியது. குழு பிள்ளைகளை மட்டும் குறை சொல்லவில்லை. இடம் கொடுத்த பிறகு கல்லூரியும் கேட்பதில்லை, பள்ளியும் கேட்பதில்லை, அப்புறம் மாணவர் ஏன் உழைக்க வேண்டும் என்பதுதான் சாரம். பெங்களூரின் தனியார் இடங்களுக்கும் இது பொருந்தும். முன்கூட்டியே பணம் வாங்கிக்கொண்டு, தேர்ச்சி பெற்றால் போதும் என்கிற கல்லூரி, மீதி மாதங்களைப் பற்றி மாணவருக்கு ஒரு செய்தி சொல்லிவிடுகிறது.

விடுவதிலும் நியாயம் உண்டு

இவ்வளவும் சொன்ன பிறகு, விடவே கூடாது என்று முடித்தால் அது பாதி ஆய்வுதான்.

முதல் நியாயம், உண்மையிலேயே தேவைப்படாத பாடம். சட்டப் பள்ளிக்குப் போகும் மாணவருக்கு வேதியியலில் 90 வாங்கி ஆகப்போவது ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் அவர் நாலு நல்ல புத்தகம் படித்தால் லாபம். மூன்று ஏ லெவலில் நிபந்தனை இருக்கும்போது நான்காவதைத் தூக்கிச் சுமந்து மற்ற மூன்றையும் கெடுத்துக்கொள்வது விவேகம் இல்லை.

இரண்டாவது, உடம்பும் மனமும். காலையில் பியூ வகுப்பு, அதோடு ஒட்டிய கோச்சிங், சில்க் போர்டு நெரிசலில் ஒரு பாடு, வீட்டில் ரிவிஷன் என்று ஓடும் பிள்ளை சில மாதம் சரியாகத் தூங்காமலே இருந்திருக்கும். சாப்பாடு குறைந்து, காரணமில்லாமல் அழுகை வந்து, பள்ளிக்குப் போகவே பயமாக இருந்தால், அங்கே பேச வேண்டியது மதிப்பெண்ணைப் பற்றி இல்லை. ஒன்றிய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, 2022 அக்டோபரிலிருந்து நாடு முழுக்க இயங்குகிறது. அதை ஒருங்கிணைப்பது இந்த ஊர் ஓசூர் சாலையில் இருக்கும் நிம்ஹான்ஸ்தான். தமிழிலும் பேசலாம்.

மூன்றாவது, விட்ட பாடத்தைப் பின்னால் பிடிக்க வழிகள் கூடியிருக்கின்றன. பதினொன்று பன்னிரண்டில் உயிரியலை முறையாகப் படிக்காதவருக்கு மருத்துவம் அடைபட்ட கதவாகவே இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு தேறிய பிறகு கூடுதல் பாடமாக அதை எழுதித் தேறினாலும் நீட் எழுதலாம் என்று 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது. பதினேழு வயதில் எடுக்கும் முடிவு ஆயுளுக்கும் முடிவு என்ற பயம் முன்பு இருந்த அளவுக்கு இப்போது தேவையில்லை.

இறங்குவதற்கு ஒரு படி

தொடர்வதற்கும் விடுவதற்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது. ஐபி பிள்ளைக்கு அது எஸ்எல். பியூசி, சிபிஎஸ்இ பிள்ளைக்கு அது இலக்கைக் குறைத்துக்கொள்வது. 95 வாங்கியே ஆக வேண்டும் என்ற சுமையை இறக்கிவைத்து, 65 போதும், ஆனால் தொகையிடலும் வகைக்கெழுச் சமன்பாடும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று வீட்டில் வெளிப்படையாக ஒப்புக்கொள்ளலாம். ஸ்பெஷல் டியூஷனை நிறுத்தலாம், மாக் டெஸ்டுகளைக் குறைக்கலாம், முதல் செமஸ்டரில் வரப்போகும் மூன்று அத்தியாயத்தை மட்டும் பிடித்துக்கொள்ளலாம். கல்லூரிக் கடிதத்தின் நிபந்தனை வெறும் தேர்ச்சி என்றால் இதில் எந்த ஆபத்தும் இல்லை. மனசுக்குள் விட்ட பாடத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு: இங்கே எதை விட்டோம் என்று பிள்ளைக்கும் தெரியும், பெற்றோருக்கும் தெரியும், ஆசிரியருக்கும் தெரியும்.

ஆகவே முடிவெடுக்கும் வரிசை இது. உடல்நலம் கெட்டிருந்தால் மற்றதெல்லாம் அதற்குப் பின். அடுத்து, கடிதத்தை வரிவரியாகப் படித்து, சந்தேகம் இருந்தால் கல்லூரிக்கு எழுதிக் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு சேரப்போகும் படிப்பின் முதல் செமஸ்டர் பாடத்திட்டத்தை இறக்கி, விட நினைக்கும் பாடத்தின் புத்தகத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டிலும் ஒரே தலைப்புகள் தென்பட்டால் தொடரலாம், வேண்டுமானால் இலக்கைக் குறைத்துக்கொண்டு. ஒன்றும் ஒட்டவில்லை, போர்டும் விட அனுமதிக்கிறது என்றால் தயங்காமல் விடலாம்.

இவ்வளவையும் குடும்பத்தின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமும் இல்லை. கணக்கில் தொடங்கி எல்லாப் பாடங்களையும் இரண்டு நிலைகளில் தரலாம் என்று 2020 தேசியக் கல்விக் கொள்கையே சொல்கிறது. சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புக் கணக்கில் ஸ்டாண்டர்டு, பேசிக் என்று இரண்டு தாள் 2020 தேர்விலிருந்து இருக்கிறது. தேசியக் கொள்கையை ஒதுக்கித் தனக்கென்று ஒரு கல்விக் கொள்கை வகுக்கக் குழு அமைத்த கர்நாடகம், பியூசிக் கணக்கிலும் இப்படி இரண்டு நிலை வைத்தால், மருத்துவத்துக்குப் போகும் பிசிஎம்பி மாணவி கணக்கைத் திருட்டுத்தனமாகக் கைவிட வேண்டியிருக்காது. லட்சக்கணக்கில் கட்டிப் படிக்கிறவருக்கு இருக்கும் படிவம் அரசு பியூ கல்லூரி மாணவிக்கும் கிடைக்க வேண்டும்.